டென்வரின் காற்றும் மூன்று வருடக் கணக்கும்: இணையப் பேஸ்பால் லீக்கில் இருபது பருவங்கள்

திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் இரவு ஒன்பது மணிக்கு அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒருவர் எங்கள் கணினிப் பேஸ்பால் லீக்கின் அடுத்த ஏழு நாள் ஆட்டங்களை ஓடவிடுகிறார். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் அப்போது மறுநாள் காலை 6.30 மணி. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டால் 7.30. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை ஜில்லென்று இருக்கும். காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், டென்வர் நகரத்தின் பெயரில் நான் நடத்தும் அணி அந்த வாரம் ஆடிய ஆறேழு ஆட்டங்களின் முடிவுகள் மடிக்கணினியில் வந்து இறங்கும். ஐந்து ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நாள் என் காலை இப்படித்தான் விடிகிறது.

விளையாட்டின் பெயர் அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால். மார்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது, 1999 முதல் வெளிவருகிறது. இதில் மட்டையைப் பிடித்துப் பந்தை அடிக்கும் வேலை நமக்கு இல்லை. அணியை நடத்தும் வேலைதான்: யாரை எடுப்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை வருட ஒப்பந்தம், யாரைக் கீழ்நிலை அணிக்கு அனுப்புவது, யாரை விற்பது. தனியாகவும் ஆடலாம். ஆனால் இணைய லீக்கில் ஒவ்வோர் அணிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். லீக்கின் ஃபைலை, அதாவது கணினிக் கோப்பை, இறக்கி, நம் அணியில் மாற்றங்களைச் செய்து, நம் கோப்பை ஏற்றிவிட வேண்டும். எல்லோருடைய கோப்புகளையும் சேர்த்து லீக் ஆணையர் ஆட்டங்களை ஓடவிடுவார். எங்கள் லீக்கில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் கற்பனைப் பாத்திரங்கள். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். நிஜத்தில் அது முடிய மூன்று மாதம் ஆகிறது.

2020 ஜூலையில் சேர்ந்தேன். காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் இருக்கும் என் அலுவலகம் ஊரடங்கில் பூட்டிக் கிடந்தது. வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். நியூ ஜெர்சியில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன், "ஓர் அணி ஆளில்லாமல் கிடக்கிறது, கணக்குப் பார்க்கிறவனுக்கு இது பிடிக்கும்" என்று இழுத்துவிட்டான். அதுவரை பேஸ்பால் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பருக்கு இருக்கும் இடம் இதில் கேட்ச்சருக்கு என்ற அளவில் தொடங்கினேன். முதல் பருவத்தில் 58 வெற்றி, 104 தோல்வி.

ஆளில்லாமல் கிடந்த அணி ஏன் டென்வராக இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் அடித்த பந்து கூடுதல் தூரம் போகிறது. எறிந்த பந்து வளைய வேண்டிய அளவு வளைவதில்லை. நிஜ உலகில் 1995இல் அங்கே திறக்கப்பட்ட கூர்ஸ் ஃபீல்டில், பந்துகள் காய்ந்து போகாமல் இருக்க 2002 முதல் ஈரப்பத அறையில் வைத்து எடுக்கிறார்கள். பந்து பறந்து போவதை ஈடுகட்ட மைதானத்தையும் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். அதனால் வெளிக்களத்தில் இடைவெளி அதிகம், அங்கே விழும் பந்துகளும் அதிகம். விளையாட்டில் ஒவ்வொரு மைதானத்துக்கும் காரணி எண்கள் உண்டு. 1.000 என்றால் நடுநிலை. என் மைதானத்தின் பக்கத்தைத் திறந்தால் எல்லா எண்களும் அதற்கு மேலே நிற்கும்.

இதன் விளைவு என்னவென்றால், என் மட்டையாளர்கள் எல்லோரும் இருப்பதைவிடப் பெரிய ஆட்களாகத் தெரிவார்கள், என் பந்தெறிபவர்கள் எல்லோரும் இருப்பதைவிட மோசமாகத் தெரிவார்கள். முதல் ஐந்து பருவங்கள் இந்த எண்களை அப்படியே நம்பினேன். பந்தெறிபவர்களைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருந்தேன், மட்டையாளர்களுக்குச் சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போனேன். அணி தேறவில்லை. ஆறாவது பருவத்தில்தான், ஒரு வியாபாரியின் விற்றுமுதலைப் பார்க்கும்போது எந்த மாதம் தீபாவளி என்று பார்க்கிற மாதிரி, சொந்த மைதான எண்களையும் வெளியூர் எண்களையும் தனித்தனியாகப் பிரித்து எழுதத் தொடங்கினேன். அந்தக் கணக்கு நோட்டு இப்போது மூன்றாவது நோட்டாக ஓடுகிறது.

ஒரு வியாபாரத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பன்னிரண்டாவது பருவத்தில் என் இடது வெளிக்கள ஆட்டக்காரரின் அடிச் சராசரி .296 (ஆயிரம் வாய்ப்பில் 296 வெற்றிகரமான அடி), ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) 31. லீக்கே அவரைப் பேசியது. என் நோட்டில் அவர் சொந்த மைதானத்தில் .341, வெளியூரில் .251. ஹோம் ரன்களில் 21 டென்வரில் அடித்தவை. கடலோர நகரம் ஒன்றின் அணியை நடத்துபவர் அவரைக் கேட்டார். பதிலுக்கு நான் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் 24 வயதுப் பந்தெறிபவர், மட்டையாளர் அடிக்கும் பந்தைத் தரையோடு உருளவைப்பவர். தரையில் உருளும் பந்துக்கு மலைக்காற்று ஒன்றும் செய்யாது. இன்னொருவர் டபுள்-ஏ என்ற கீழ்நிலை அணியில் ஆடிக்கொண்டிருந்த 20 வயது ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்கும் களத்தடுப்பாளர். மட்டை பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் 20 முதல் 80 வரை போகும் அளவுகோலில் அவருடைய களத்தடுப்பு 70. எதிர்த்தரப்பு இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றது. நான் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பிரித்த எண்கள் எல்லோருக்கும் ஒரே பக்கத்தில் திறந்துதான் இருக்கின்றன. அங்கே போய்ப் பார்க்கிறவர்கள் குறைவு.

களத்தடுப்புக்கு ஏன் இவ்வளவு விலை கொடுத்தேன் என்று கேட்பவர்களுக்கு: ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஓர் அணிக்கு மொத்தக் கையிருப்பு 27 அவுட். உருண்டு வரும் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிய முடியாத ஷார்ட்ஸ்டாப், எதிரணிக்கு இருபத்தெட்டாவது அவுட்டை இனாமாகக் கொடுக்கிறார். பேஸ்பால் புள்ளியியலுக்கு அடித்தளம் போட்ட பில் ஜேம்ஸ் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் ஏறக்குறைய வந்துவிடும். 750 எடுத்து 700 கொடுத்தால் 162இல் சுமார் 87 வெற்றி. கூடுதலாக எடுக்கும் பத்து ரன்னும், கொடுக்காமல் தடுக்கும் பத்து ரன்னும் ஏறக்குறைய ஒரே மதிப்பு, ஒரு வெற்றி. சந்தையில் மட்டும் எடுக்கும் ரன்னுக்கு விலை அதிகம், தடுக்கும் ரன்னுக்கு விலை குறைவு. கேட்ச்சர், ஷார்ட்ஸ்டாப், நடு வெளிக்களம் என்று மைதானத்தின் முதுகெலும்பைக் கட்டிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும் என்பது இருபது பருவங்களுக்குப் பிறகும் என் உறுதியான கருத்து. டென்வர் மாதிரி பெரிய மைதானம் என்றால் இரட்டிப்பு உறுதி.

ஒப்பந்தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது பருவத்தில் 31 வயது முதல் பேஸ்காரர் ஒருவருக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தேன். நான்காவது வருடமே மட்டை தளர்ந்துவிட்டது. விடுவித்தாலும் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும், அதுதான் பேஸ்பால் ஒப்பந்தத்தின் விதி. அந்த வருடம் ஒரு நாள், எதற்குக் காலையிலேயே முகம் வாடிக் கிடக்கிறது என்று அப்பச்சி (அப்பா) கேட்டார்கள். சொன்னேன். பட்டாலையில் சாய்ந்திருந்தவர்கள் எழுந்து போய், ஐயா (தாத்தா) பர்மாவில் மேலாளாக இருந்த காலத்துப் பேரேட்டை எடுத்துவந்து காட்டினார்கள்.

"தம்பி, ஊரிலிருந்து அனுப்புகிற ஆளுக்கு மூன்று வருடம்தான் கணக்கு. மூன்றாவது வருடம் ஐந்தொகை எடுத்து, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். நல்ல ஆள் என்றால் மறுபடியும் அனுப்புவார்கள். ஆறு வருடத்துக்கு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்."

எழுத்து மங்கிப் போன அந்தப் பக்கத்தில் பற்றும் வரவும் ஐயாவின் கையெழுத்தில் அடுக்கடுக்காக இறங்கியிருந்தன. அன்றிலிருந்து 27 வயதைத் தாண்டிய யாருக்கும் மூன்று வருடத்துக்கு மேல் நான் எழுதுவதில்லை. இதனால் இரண்டு மூன்று பெரிய ஆட்களை இழந்திருக்கிறேன். ஆனால் அந்த ஆறு வருட ஒப்பந்தம் முடிந்த பிறகு செத்த ஒப்பந்தம் ஒன்றும் என் தலையில் இருந்ததில்லை.

இழப்புகளும் உண்டு. ஒரு மார்கழியில் எங்கள் வீட்டில் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகை நாளிலிருந்து இருபத்தொரு நாள் கழித்து இழை எடுக்கும் நாள். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள், வீடு நிறைந்திருந்தது. லீக்கில் அப்போது ரூல் 5 என்ற ஆள் எடுக்கும் தேர்வு. அதற்கு முன்னால் காக்க வேண்டியவர்களை 40 பேர் பட்டியலில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாமல் விட்டால், கீழ்நிலை அணியில் சில வருடம் இருந்த ஆளை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் அந்தப் பருவம் முழுக்கத் தங்கள் முதன்மை அணியிலேயே அவரை வைத்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. நான் கோப்பை ஏற்றவில்லை. நாலு வருடம் வளர்த்த இடக்கைப் பந்தெறிபவர் போய்விட்டார். எடுத்துப் போனவர்கள் திருப்பித் தரவும் இல்லை. அவர் எறியும் ஆட்டத்தின் பக்கத்தை இன்றும் என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

காயங்களும் அப்படித்தான். என் முதன்மைப் பந்தெறிபவருக்கு முழங்கைத் தசைநார் கிழிந்து ஒரு வருடத்துக்கு மேல் போனது. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற ஆட்டக்காரருக்கு முதன்முதலில் செய்த அறுவை சிகிச்சைதான் இதற்கும். டாமி ஜான் அதற்குப் பிறகு 164 ஆட்டங்களை வென்றார் என்று படித்தபோது நம்பிக்கை வந்தது, அதனால் என் ஆளை விற்காமல் வைத்திருந்தேன். திரும்பி வந்தபோது பந்தின் வேகம் குறைந்திருந்தது. அதுவும் விளையாட்டின் பகுதி.

மனிதர்கள் நடத்தும் லீக் என்பதால் மனிதச் சிக்கல்களும் இருக்கும். ஒருவர் விலகிப் போகும் முன் தன் அணியின் நல்ல ஆட்களை எல்லாம் நண்பருக்குக் கிள்ளுக்கீரை விலைக்குக் கொடுத்துவிட்டார். ஆணையர் அந்த வியாபாரங்களை ரத்து செய்து பழைய கோப்பிலிருந்து மீண்டும் ஓடவிட்டார். இரண்டு வாரம் வீணானது, ஆனால் அவர் செய்தது சரி. புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் விளையாட்டைத் தேர்வு செய்யும் நேரத்தைவிட லீக்கைத் தேர்வு செய்ய அதிக நேரம் செலவிடுங்கள். ஆணையர் எத்தனை வருடமாக இருக்கிறார், ஆட்டம் சொன்ன நேரத்துக்கு ஓடுகிறதா, ஆளில்லாத அணிகள் எத்தனை என்று விசாரியுங்கள். திறமை எவ்வளவு எதேச்சையாக மாறலாம் என்று ஆணையர் வைக்கும் எண்ணையும் கேளுங்கள். இயல்பான அளவு 100. அதற்கு வெகுவாக மேலே வைத்தால் நீங்கள் வளர்க்கும் இளைஞர்கள் காரணமில்லாமல் ஏறி இறங்குவார்கள், திட்டமிடுவதற்கு இடமே இருக்காது. மற்றபடி, சாதாரண மடிக்கணினி போதும். கோப்பு பெரியது என்பதால் இணைய இணைப்பு மட்டும் நன்றாக இருக்க வேண்டும். மின்சாரம் போகும் நாட்களில் நான் கைபேசி இணைப்பை வைத்துச் சமாளித்திருக்கிறேன்.

பதினெட்டாவது பருவத்தில் நாங்கள் வென்றோம். இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் ஓடிய காலையில், முடிவு கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று திரையின் மேல்பகுதியைக் கல்யாணப் பத்திரிகை ஒன்றால் மறைத்துக்கொண்டு, பந்துக்குப் பந்து விவரத்தை ஒவ்வொரு வரியாக இறக்கினேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, இரண்டு அவுட், மூன்றாவது பேஸில் ஆள். ஷார்ட்ஸ்டாப்பை நோக்கித் தரையில் உருளும் பந்து, எறிந்தார், அவுட். அன்று வியாபாரத்தில் வாங்கிய அந்தப் பையனேதான். அவர் முதன்மை அணிக்கு வந்து ஆடிய நான்காவது பருவம் அது. எழுந்து வளவு வரைக்கும் போய் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். "ஜெயித்துவிட்டதா?" என்று அப்பச்சி உள்ளேயிருந்து கேட்டார்கள்.

இருபதாவது பருவம் போன வாரம் முடிந்தது. ஷார்ட்ஸ்டாப்புக்கு இப்போது 28 வயது. முதன்மை அணியில் ஆறு வருடம் நிறைந்துவிட்டதால் எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஏழு வருடம் கேட்கிறார். அவருக்காக விதியைத் தளர்த்தலாமா என்று மூன்று இரவு யோசித்தேன். நோட்டில் அவருடைய பக்கத்தைத் திறந்தால், களத்தில் தடுத்த ரன்கள் வருடாவருடம் ஒன்றிரண்டாகக் குறைந்து வருவது தெரிகிறது. சம்பளத்தை அவர் கேட்டதைவிட உயர்த்தி, காலத்தை மூன்று வருடமாக எழுதி நேற்று இரவு கோப்பை ஏற்றிவிட்டேன். சனிக்கிழமை காலை பதில் வரும்.