தால்சிம்மோடு முப்பது வருஷம்: ஆட்டம் பிரமாதம், வேஷம்தான் உறுத்தல்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை வீடியோ கேம் வந்தது 1991-ல். எங்கள் ஊர் வீடியோ கேம் கடைக்கு வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது. பத்து பேர் சுற்றி நின்று கத்துகிற அந்த மெஷினில் நான் முதலில் எடுத்தது தால்சிம் என்ற யோகியைத்தான், காரணம் வேறொன்றுமில்லை, பக்கத்தில் இந்தியக் கொடி இருந்தது. அன்றிலிருந்து 2023-ல் வந்த ஆறாம் பாகம் வரை என் ஆள் அவர்தான். அதனால் "இது இந்தியர்களைக் கேலி செய்கிற பாத்திரமா இல்லையா" என்று யாராவது சண்டை ஆரம்பித்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடை ஆமை வேகம், குதித்தால் பட்டம் மாதிரி மெதுவாக இறங்குவார், ஆனால் கையும் காலும் பாதித் திரைக்கு நீளும். நீட்டிய கையிலும் அடி விழும் என்பதுதான் இதில் அழகு, எங்கே எப்போது நீட்டுவது என்று தெரியாமல் பட்டனைத் தட்டினால் அவ்வளவுதான். யோகா ஃபயரை, அதாவது வாயிலிருந்து துப்பும் நெருப்புப் பந்தை, விட்டுவிட்டு எதிராளி அதைத் தாண்டிக் குதிப்பதற்குள் முதுகுப் பக்கம் மறைந்து தோன்றுவதில் உள்ள குஷி வேறு எந்த ஆளிடமும் எனக்குக் கிடைத்ததில்லை. உடலை வேண்டியபடி பெருக்குவது, நினைத்த இடத்தில் தோன்றுவது எல்லாம் நமக்குப் புதுசா என்ன, அட்டமாசித்தி கதை கேட்டு வளர்ந்தவர்கள்தானே.

உறுத்துவது வேஷம். எலும்பும் தோலுமான உடம்பு, கழுத்தில் மூன்று மண்டையோடு, பின்னால் வரிசையாக நின்று பிளிறும் யானைகள். போன வருஷம் அக்கா பையனோடு பழைய ஆட்டத்தைப் போட்டபோது, "மாமா, இவரு வில்லனா?" என்றான். இல்லடா, அந்த மண்டையோடு ஊரில் கொள்ளைநோயில் செத்துப்போன குழந்தைகளோடது, அவங்க நினைவா போட்டிருக்கார், ஜெயிக்கிற காசையும் ஊருக்குத்தான் கொடுப்பார் என்று விளக்கினேன். "அது கேம்ல எங்க வருது?" என்றான். சண்டையில் வராது. கபாலம் சிவனடியாருக்கு அந்நியமில்லை, காபாலிகர் என்று ஒரு பிரிவே இருந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் ஒன்பது வயசுப் பையனுக்குத் திரையில் தெரிவது சுடுகாட்டுச் சாமியார்தான்.

"எல்லா நாட்டையும்தானே கேலிச்சித்திரமாக வரைந்தார்கள், ஜப்பான்காரன் சுமோ, ரஷ்யாக்காரன் கரடியோடு மல்லுக்கட்டுகிறவன்" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் முதல் எட்டுப் பேரை எண்ணிப் பார்த்தேன். ஜப்பானுக்கு இரண்டு பேர், சுமோ ஹோண்டா ஒருவர் என்றால் சாதாரண மனிதனாக ரியூ இன்னொருவர். அமெரிக்காவுக்கு கைலும் கென்னும். பிரேசிலுக்கு ஒரே ஆள், பிளாங்கா என்ற பச்சை மிருகம். இந்தியாவுக்கு ஒரே ஆள், மண்டையோட்டு யோகி. ஈடுகட்ட இன்னொரு முகம் இருந்தால் கேலி கேலியோடு போய்விடும், இல்லையென்றால் நாடே அதுதான் என்றாகிவிடும். 1996-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஈஎக்ஸ் என்ற கிளை ஆட்டத்தில் தாருன் மிஸ்டர் என்று ஒரு இந்திய மல்யுத்த வீரர் வந்தார், அதை ஆடியவர்களே கம்மி.

ஆட்டத்தை உருவாக்கியவர்கள் தெரியாமல் செய்தார்கள் என்பதையும் என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. மைக் டைசன் சாயலில் வந்த குத்துச்சண்டைக்காரனுக்கு ஜப்பானில் எம். பைசன் என்று பெயர், வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வழக்கு வரும் என்று பயந்து பெயர்களை இடம் மாற்றி அவனை பால்ராக் ஆக்கிவிட்டார்கள். யோகிக்கு வக்கீல் ஏது?

2016-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் தாடியும் தலைப்பாகையும் கொடுத்து வயசான குருவாக மாற்றினார்கள், ஆறாம் பாகத்திலும் அப்படித்தான், நம் பாத்திரம் அவரிடம் சீடனாகச் சேர்ந்து வித்தை கற்கலாம். பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்னமும் சாமியார்தான். கோயம்புத்தூரிலிருந்து ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் சிலம்பத்தோடு வந்தால் காசு கொடுத்து வாங்குவேன், சரி, அது என் ஆசை.

புதிதாக ஆடுகிறவர்கள் தால்சிம்மை எடுங்கள், முதல் இரண்டு மாதம் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள், அதற்குத் தயாராக வாருங்கள். அக்கா பையன் பிளாங்காவை எடுத்துவிட்டான், நான் நீட்டுகிற கையிலெல்லாம் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருக்கிறான்.