பாடாமல் பேசிய தேசபக்தி: அமெரிக்காவைப் போற்றிய ஆறு குரல்களின் ஒப்பீடு

1974 தொடக்கத்தில் அமெரிக்க வானொலிகளில் ஒரே உரை மூன்று வெவ்வேறு குரல்களில் ஒலித்தது. யாரும் பாடவில்லை. வாத்திய இசை பின்னால் ஓட, ஒருவர் பேசினார், அவ்வளவுதான். காதல் பாட்டுகளுக்கு நடுவே அது பில்போர்டு இதழின் பாடல் தரவரிசையில் ஏறியது. வியட்நாம் போர் குடும்பங்களையே இரண்டாகப் பிளந்த ஆண்டுகள் அவை. 1966க்கும் 1974க்கும் இடையில் இப்படிப்பட்ட பேச்சு இசைத்தட்டுகள் பல வந்தன. கவிதையும் உண்டு, கவிதைக்குரிய ஏற்ற இறக்கத்தோடு வாசித்த உரைநடையும் உண்டு. முக்கியமான ஆறு குரல்களை அடுத்தடுத்துக் கேட்டேன். நாட்டைப் புகழும் சொற்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றேதான். யாரை முன்னால் நிறுத்திப் பேசுகிறார்கள் என்பதில்தான் ஒன்று நிலைக்கிறது, இன்னொன்று சரிகிறது.

அந்த மூன்று குரல் உரையை எழுதியவர் அமெரிக்கரே அல்லர். டொராண்டோ வானொலியில் கருத்துரை வழங்கிவந்த கனடாக்காரர் கார்டன் சின்க்ளேர். 1973 ஜூன் 5 அன்று அவர் அதைப் பேசியபோது 73 வயது நிறைந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. டாலர் மதிப்பு சரிந்துகொண்டிருந்தது. சூறாவளிகளும் மிசிசிப்பி வெள்ளமும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கையிருப்பைக் கரைத்துவிட்டிருந்தன. இத்தனை நாடுகளுக்கு ஓடி ஓடி உதவியவர்களுக்கு ஓர் இடர் வந்தால் யார் ஓடி வந்தீர்கள் என்று உலகத்தைப் பார்த்து அவர் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் இறங்கிச் சண்டைக்கு நிற்கும் தொனி அது.

ஆற்றுக்கு இக்கரையில் டெட்ராய்ட், அக்கரையில் கனடாவின் வின்ட்சர். அங்கிருந்த வானொலி நிலையமொன்றின் செய்தி இயக்குநர் பைரன் மெக்கிரெகர் அதே உரையைத் தன் நிகழ்ச்சியில் வாசித்தார். வயது 25. கனத்த குரல், செய்தி வாசிப்பின் அவசரம், பின்னணியில் ‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’. அவருடைய இசைத்தட்டு நான்காம் இடம் வரை ஏறியது. எழுதியவரே பேசிய பதிவு 24ஆம் இடத்தில் நின்றுவிட்டது. மூன்றாவதாக, நாட்டுப்புற இசைக் கலைஞர் டெக்ஸ் ரிட்டர் பேசிய பதிவு, 1974 ஜனவரியில் அவர் இறந்த பிறகு வெளிவந்து 90ஆம் இடத்தைத் தொட்டது.

இதில் விற்பனையின் தீர்ப்போடு நான் உடன்படவில்லை. மெக்கிரெகர் வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் தலைப்புச் செய்தியாக விழுகிறது, உடனே ஆளைப் பிடிக்கிறது. ஆனால் அது இரவல் கோபம். பிரெஞ்சு நாணயமான பிராங்கின் மதிப்பு 1956இல் ஆட்டம் கண்டபோது தாங்கிப் பிடித்தது அமெரிக்கர்கள்தான், நானே அங்கிருந்து பார்த்தேன் என்று உரை சொல்கிறது. அந்த இடம் சின்க்ளேரின் முதிய குரலில் சாட்சியமாகிறது. 25 வயது இளைஞரின் வாயில் அது வெறும் வாசகம்.

உரையின் வாதத்தில் ஓட்டைகள் உண்டு. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போதுகூட வெளி உதவி வந்ததாகத் தனக்குத் தோன்றவில்லை என்கிறார். ஜப்பானிலிருந்து பெருந்தொகை வந்தது, கனடாவிலிருந்தும் வந்தது. பிரான்ஸ், ஜெர்மனி, இந்தியா ஆகியவற்றின் ரயில்வேக்கள் மூப்படைந்து பழுதானபோது சீரமைத்தவர்கள் அமெரிக்கர்களே என்ற வரி, நம் ரயில்வேயின் வரலாற்றைச் சற்றேனும் அறிந்த எவருக்கும் உறுத்தும். ஆனாலும் கேட்டவர்களை அது உருக்கியதற்குக் காரணம் எளிது. தன் பெருமையைத் தானே பேசினால் யாரும் நம்பமாட்டார்கள், அயலான் பேசினால் நெஞ்சு நிறையும். அதில் கிடைத்த பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்கே போனது என்பதும் சின்க்ளேரின் நேர்மைக்குச் சான்று.

இல்லினாய் மாநிலத்திலிருந்து வந்த அமெரிக்க செனட்டர் எவரெட் டர்க்சனின் ‘கேலன்ட் மென்’ இவற்றுக்கெல்லாம் முந்தியது. சார்ல்ஸ் ஆஸ்குட் எழுதிய வரிகளுக்கு ஜான் ககாவாஸ் இசை சேர்த்தார். 1967 ஜனவரியில், 71 வயது செனட்டரின் குரல் 29ஆம் இடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு பேச்சுப் பதிவுக்கான கிராமி விருதும் கிடைத்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய மனிதர், அடிவயிற்றிலிருந்து எழும் குரல். ஆனால் கல்வெட்டைப் பார்த்துப் பேசுகிறார். கேட்பவனுக்கு அங்கே இடமில்லை. ஒருமுறை கேட்டால் போதும்.

வானொலிச் செய்தியாளர் விக்டர் லண்ட்பெர்க் 1967இல் வெளியிட்ட, பதின்ம வயது மகனுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் பத்தாம் இடம் வரை போனது. முன்னால் ஆள் இருக்க வேண்டும் என்ற என் அளவுகோலுக்கு அது முற்றிலும் பொருந்துகிறது. ஒரு தந்தை, ஒரு மகன். நீளமுடி வைத்தாலும் தாடி வளர்த்தாலும் குற்றமில்லை என்று கனிவாகத்தான் தொடங்குகிறார். கட்டாய ராணுவச் சேவைக்கான அட்டையை எரிப்பதானால் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து எரித்துவிடு, அதன்பின் எனக்கு மகன் இல்லை என்று முடிக்கிறார். கேட்டவர்கள் உறைந்து போயிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. மகனைக் கைவிடுவதாக மிரட்டிப் பெறும் நாட்டுப்பற்றை என்னால் ஏற்க முடியாது.

உண்மையான போட்டி நடிகர் ஜான் வெய்னுக்கும் பாடகர் ஜானி கேஷுக்கும் இடையில்தான். வெய்னின் ‘அமெரிக்கா, வொய் ஐ லவ் ஹெர்’ 1973இல் ஆர்சிஏ நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு. நடிகர் ராபர்ட் மிட்சமின் தம்பி ஜான் மிட்சம் எழுதிய கவிதைகள் அதில் இருக்கின்றன. தலைப்புக் கவிதை முழுவதும் கேள்விகள்: கான்சாஸின் அந்தியைப் பார்த்ததுண்டா, அரிசோனாவின் மழையைப் பார்த்ததுண்டா, லூசியானாவின் நீரோடைகளில் மிதந்ததுண்டா? ஆற்றையும் மலையையும் அடுக்கி நாட்டைப் பாடும் மரபு தமிழ்ச் செவிக்குப் பழக்கமானது, அதனால் இந்தக் கவிதை நமக்கு எளிதில் இனிக்கிறது. கேட்பவர் தன் ஊர்ப் பெயர் எப்போது வரும் என்று காத்திருப்பார், வந்ததும் பூரிப்பார். வெய்ன் சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளி அபாரம். ஆனால் அழகுகளைக் காட்டிக்கொண்டே போகிற அந்தக் கவிதையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. திரையில் எத்தனையோ போர்களில் வென்ற வெய்ன் இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேரவில்லை என்பதும் போர் பற்றிய பகுதிகளைக் கேட்கையில் நினைவில் குறுக்கிடுகிறது.

கேஷ் 1974இல் எழுதிப் பேசிய ‘ராகெட் ஓல்டு ஃபிளாக்’ ஒரு சிற்றூரின் நீதிமன்றச் சதுக்கத்தில் தொடங்குகிறது. பெஞ்சில் முதியவர் ஒருவர். கட்டடம் பழசாகிவிட்டதே, கம்பம் சாய்ந்திருக்கிறதே, கொடி கிழிந்திருக்கிறதே என்கிறான் வழிப்போக்கன். உட்கார் என்கிறார் முதியவர். ஒவ்வொரு கிழிசலும் எந்தப் போரில் பட்டது என்று கணக்குச் சொல்கிறார்: டெலவேர் ஆறு, அலமோ, சான்சலர்ஸ்வில், ஷைலோ, பிளாண்டர்ஸ், கொரியா, வியட்நாம். அதோடு நிற்கவில்லை. சொந்த மண்ணிலேயே எரிக்கப்பட்டது, அது எந்த அரசுக்காகப் பறக்கிறதோ அந்த அரசே ஊழலால் நாறுகிறது என்கிறார். அதிபர் நிக்சனின் ஆட்சியை உலுக்கிய வாட்டர்கேட் ஊழல் வெடித்திருந்த நேரம் அது. நாட்டின் சீர்கேட்டை நாட்டைப் போற்றும் கவிதைக்குள்ளேயே சொன்னவர், நான் கேட்ட ஆறு பேரில் அவர் ஒருவர்தான்.

சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. விமானப்படையில் நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். 1970இல் வெள்ளை மாளிகையில் பாடியபோது நிக்சன் தரப்பில் கேட்ட பாட்டுகளில் இரண்டைத் தவிர்த்துவிட்டு, கேள்வி கேட்கும் இளைஞர்களுக்கு ஆதரவான தன் பாட்டைப் பாடியவர். அதனால் அவருடைய கொடிப் பெருமையில் அதிகாரத்துக்குச் சாமரம் வீசும் வாடை இல்லை. பெருமை பேசுகிறவன் முதியவர், குறை சொல்கிறவன் வழிப்போக்கன், நாம் வழிப்போக்கனின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நம் ஐயத்தையும் அந்தக் கவிதை மதித்து உட்கார வைக்கிறது.

புதிதாகக் கேட்பவர்கள் கேஷிலிருந்து தொடங்கலாம். குரலின் அழகுக்காக மட்டும் என்றால் வெய்ன். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சின்க்ளேரின் உரை புதிதாக எழுதப்பட்டதுபோல் அமெரிக்காவில் மறுபடி சுற்றியது. அதைப் படித்து வியந்தவர்கள் அவருடைய சொந்தக் குரலில் கேட்பது நல்லது, மெக்கிரெகரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். லண்ட்பெர்க்கைக் கேட்பவர்கள் அதற்கு மகன் தரப்பிலிருந்து வந்த பதில் இசைத்தட்டுகளில் ஒன்றையாவது கையோடு கேட்க வேண்டும்.