கடைச் சோதனையா, முன் உரிமமா: துப்பாக்கி வாங்க அமெரிக்க மாநிலங்கள் வைத்திருக்கும் இரண்டு வழிகள்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போதெல்லாம் எல்லோர் பார்வையும் வாஷிங்டன் காங்கிரஸ் பக்கம் திரும்புகிறது. யார் துப்பாக்கி வாங்கலாம், எப்படி வாங்கலாம் என்பதில் பெரும்பகுதி முடிவாவது மாநிலத் தலைநகரங்களில்தான். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் 1993 பிரேடி சட்டமும் ஒரு குறைந்தபட்ச எல்லையைப் போட்டன. கடுங்குற்றத் தண்டனை பெற்றவருக்கு விற்கக் கூடாது, குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவருக்கு விற்கக் கூடாது, உரிமம் பெற்ற கடைக்காரர் சோதனை செய்யாமல் விற்கக் கூடாது. தனிநபர் தனிநபருக்கு விற்பதில் மத்திய சட்டம் சோதனை கேட்பதில்லை. அந்த ஓட்டையை அடைப்பதா, எப்படி அடைப்பது என்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது.

அடைக்க விரும்பும் மாநிலத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. யார் யாருக்கு விற்றாலும் கடைக்காரர் வழியாகப் பின்னணிச் சோதனை நடக்க வேண்டும் என்பது முதல் வழி. வாங்குபவர் முன்கூட்டியே காவல்துறையிடம் உரிமம் எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. என் சாய்வு உரிமத்தின் பக்கம். அதற்கான காரணம் வாங்கும் நாளில் இல்லை, வாங்கிய பிறகு வரும் ஆண்டுகளில் இருக்கிறது.

அமெரிக்காவில் வாழும் தமிழருக்கு ஒரு தகவல்: இரண்டு வழிகளிலும் தகுதி விதிகள் மத்திய சட்டத்திலிருந்தே தொடங்குகின்றன. கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்குப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது முக்கியமான விதிவிலக்கு.

கடைச் சோதனை

நடைமுறை எளிது. வாங்குபவர் அடையாள அட்டை காட்டி 4473 படிவத்தை நிரப்புகிறார். கடைக்காரர் எஃப்பிஐயின் உடனடிச் சோதனை அமைப்புக்கோ மாநிலக் காவல்துறைக்கோ விவரத்தை அனுப்புகிறார். பெயர், பிறந்த தேதி முதலிய விவரங்களை வைத்துக் குற்றப் பதிவுகளிலும் தடைப் பட்டியலிலும் தேடல் நடக்கிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். மாநிலம் இதைத் தனியார் விற்பனைக்கும் விரித்தால், விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து கடைக்குப் போய் ஒரு கட்டணம் கொடுத்துச் சோதனையை முடிக்க வேண்டும். அரசுக்குச் செலவு குறைவு, வாக்காளருக்கும் புரியும். வாஷிங்டன் மாநிலத்தில் 2014 நவம்பரில் 594ஆம் மக்கள் முன்மொழிவு சுமார் 59 சதவீத வாக்குகளோடு இப்படித்தான் நிறைவேறியது.

இதன் முதல் பலவீனம் மூன்று நாள் விதி. மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால், மத்திய சட்டப்படி பொதுவாகக் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 2015இல் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவருக்கு அப்படித்தான் துப்பாக்கி கிடைத்தது. அவருடைய பழைய கைது எந்தக் காவல்துறையினுடையது என்பதில் பதிவுப் பிழை இருந்தது. சோதனை அலுவலர் சரியான இடத்தில் கேட்பதற்குள் கெடு முடிந்துவிட்டது. மாநிலங்கள் இந்தக் கெடுவை நீட்டலாம், சில நீட்டியும் இருக்கின்றன.

இரண்டாவது பலவீனம், சட்டம் எழுதும்போதே செய்யப்படும் பிழை. நெவாடாவில் 2016இல் 'முதலாம் கேள்வி' என்ற மக்கள் முன்மொழிவு மயிரிழையில் வென்றது. தனியார் விற்பனைச் சோதனையை எஃப்பிஐயே நேரடியாகச் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். நெவாடாவிலோ சோதனையை மாநிலமே செய்துவந்தது. எங்களால் முடியாது என்று எஃப்பிஐ சொல்லிவிட்டது, சட்டத்தை நடைமுறைப்படுத்த முடியாது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கருத்துரை கொடுத்தார். மக்கள் வாக்களித்த சட்டம் ஒரு நாள்கூட இயங்கவில்லை. 2019இல் சட்டமன்றம் வேறு மசோதா இயற்றி, 2020 ஜனவரியில்தான் விதி உயிர் பெற்றது. முன்மொழிவு எழுதுபவர்கள் தங்கள் மாநிலத்தில் சோதனையை யார் செய்கிறார்கள் என்பதை முதல் வரி எழுதுமுன் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கடைப்பிடிப்பு. கொலராடோவில் 2013இல் இதே சட்டம் வந்தபோது 50க்கும் மேற்பட்ட ஷெரிஃப்கள் (கவுண்டிகளின் காவல் தலைவர்கள்) அந்த ஆண்டின் துப்பாக்கிச் சட்டங்களை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஆதரித்து வாக்களித்த இரண்டு மாநில செனட்டர்கள் செப்டம்பர் 2013இல் திரும்ப அழைக்கும் தேர்தலில் பதவி இழந்தார்கள். இந்தச் சட்டங்களுக்குப் பின் சோதனைகளின் எண்ணிக்கை உயர்ந்ததா என்று ஆராய்ந்தவர்கள், டெலவேரில் உயர்ந்தது, கொலராடோவிலும் வாஷிங்டனிலும் தெளிவான உயர்வு இல்லை என்று கண்டார்கள். கலிஃபோர்னியாவின் 1991 சட்டத்தைப் பத்து ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்த ஆய்விலும் துப்பாக்கிக் கொலை, தற்கொலை விகிதங்களில் மாற்றம் தென்படவில்லை. இரண்டு பேர் வாகன நிறுத்துமிடத்தில் கைமாற்றிக்கொண்டால், எந்தத் தேதியில் யார் கொடுத்தார் என்று நிரூபிக்கக் காவல்துறையிடம் எந்தத் தாளும் இல்லை.

உரிமம்

கனெடிகட் 1995இல் கைத்துப்பாக்கிக்கு இதைக் கொண்டுவந்தது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பின், 2013இல் நீளத் துப்பாக்கிகளுக்கும் (ரைஃபிள், ஷாட்கன்) விரித்தது. விண்ணப்பதாரர் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, காவல்துறையில் விண்ணப்பித்து, கைரேகை கொடுக்க வேண்டும். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். மேரிலாந்தில் 2013 அக்டோபரிலிருந்து கைத்துப்பாக்கிக்குத் தகுதி உரிமம் தேவை. கைரேகை, ஒரு குண்டாவது சுட்டுக் காட்டுவதை உள்ளடக்கிய நான்கு மணி நேரப் பயிற்சி, அதிகபட்சம் 30 நாள் காத்திருப்பு.

உரிமத்தின் பலம், முதலில் கைரேகை. பெயரை வைத்துத் தேடினால் போலி அடையாள அட்டையோ எழுத்துப் பிழையோ போதும், பதிவு தப்பிவிடும். அடுத்தது நேரில் போவது. தடை உள்ள காதலனுக்காகவோ உறவினருக்காகவோ தன் பெயரில் வாங்கிக் கொடுப்பவர், கடை மேசையில் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். காவல் நிலையத்தில் புகைப்படமும் கைரேகையும் கொடுத்துவிட்டு அதைச் செய்யப் பலர் துணிய மாட்டார்கள்.

மிசூரி எதிர்த்திசையில் போனது. 1921இலிருந்து அங்கே கைத்துப்பாக்கி வாங்க ஷெரிஃபிடம் நேரில் போய் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 2007 ஆகஸ்டில் அந்த விதி நீக்கப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இரு மாநிலங்களையும் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில், கனெடிகட் சட்டம் துப்பாக்கிக் கொலையில் சுமார் 28 சதவீதக் குறைவோடும், மிசூரியின் நீக்கம் சுமார் 47 சதவீத உயர்வோடும் தொடர்புபட்டிருந்தன. துப்பாக்கித் தற்கொலையும் முன்னதில் குறைந்து பின்னதில் ஏறியது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். நெருக்கடியான ஒரு வாரத்தில் துப்பாக்கி உடனே கைக்கு வராமல் இருப்பதே சிலரைக் காப்பாற்றும்.

இந்த எண்களை நான் அளவோடுதான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டே மாநிலங்கள். 90களின் பிற்பகுதியில் நாடு முழுவதும் குற்றம் குறைந்தது. மிசூரியிலும் 2007க்குப் பின் வேறு பல மாற்றங்கள் நடந்தன: 2014இல் மாநில அரசியலமைப்பிலேயே துப்பாக்கி உரிமை வலுப்படுத்தப்பட்டது, 2017 ஜனவரியிலிருந்து அனுமதி இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆய்வாளர்கள் மற்ற மாநிலங்களின் கலவையோடு ஒப்பிட்டு இவற்றைக் கழிக்க முயன்றார்கள். முழுவதும் கழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாநிலங்களும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்ததுதான் என்னைச் சாய்க்கிறது.

வாங்கிய பிறகு என்ன

கடைச் சோதனையில் அனுமதி கிடைத்தவரின் விவரத்தை எஃப்பிஐ 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது மத்திய விதி. மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு வைப்பதற்கு 1986 சட்டத்தில் தடை இருக்கிறது. இன்று தகுதியோடு வாங்கியவர் இரண்டு ஆண்டு கழித்து மனைவியை அடித்துத் தண்டனை பெற்றால், அவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை அந்தச் சோதனை அமைப்பு யாருக்கும் சொல்லாது. அடுத்த முறை கடைக்குப் போனால் தடுக்கும், அவ்வளவுதான். வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பற்றி அதற்கு ஞாபகம் இல்லை.

உரிமம் அந்த ஞாபகத்தைத் தருகிறது. நீதிமன்றத் தீர்ப்போ மனநல மருத்துவமனைச் சேர்க்கையோ பதிவாகும்போது, உரிமப் பட்டியலோடு ஒப்பிட்டு உரிமத்தை ரத்து செய்யலாம். நம்மூரில் தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்ல முடிவது, யாரிடம் இருக்கிறது என்று அலுவலகத்துக்குத் தெரிவதால்தான்.

ஆனால் பராமரிக்காத உரிமம் வெறும் அட்டை. இல்லினாய் 1968இலிருந்தே துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை கொடுத்துவருகிறது. அரோரா நகரில் 2019 பிப்ரவரியில் தன் வேலையிடத்தில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றவருக்கு மிசிசிப்பியில் கடுங்குற்றத் தண்டனை இருந்தது. 2014 தொடக்கத்தில் கைரேகை இல்லாமல் பெயர்ச் சோதனை மட்டும் நடந்ததால் அட்டை கிடைத்தது, அதைக் காட்டித் துப்பாக்கி வாங்கினார். பிறகு அதை மறைத்து எடுத்துச் செல்ல விண்ணப்பித்துக் கைரேகை கொடுத்தபோது தண்டனை வெளியே வந்தது. அட்டை ரத்தானது, துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் போனது. துப்பாக்கியை யாரும் போய் எடுக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் அது அவரிடமே இருந்தது.

இந்த ஒரு வழக்கில் உரிமச் சட்டத்துக்கு வேண்டிய பாகங்கள் எல்லாம் தெரிகின்றன. கைரேகை முதல் நாளிலேயே இருக்க வேண்டும், பின்னால் வைக்கக் கூடாது. ரத்துக் கடிதத்தோடு ஒப்படைப்புக் கெடுவும் கெடு தவறினால் தேடுதல் ஆணை கேட்கும் பொறுப்பும் ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தின் பெயரில் எழுதப்பட வேண்டும். வீட்டுக்குப் போகும் அதிகாரிகளுக்கு ஆண்டுதோறும் தனி நிதி வேண்டும். இதுதான் விலை உயர்ந்த பாகம். கலிஃபோர்னியா தடைபட்டும் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைத் தனியாகப் பராமரிக்கிறது. 2013இல் அதற்கு 24 மில்லியன் டாலர் ஒதுக்கியும், பின்னர் பட்டியலில் 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. பழைய பெயர் ஒன்று நீங்குவதற்குள் புதுப் பெயர்கள் சேர்கின்றன. அதிகாரி வேலைக்கு ஆள் கிடைப்பதும் கிடைத்தவர் நிலைப்பதும் கடினம். ஒருமுறை ஒதுக்கும் நிதி போதாது.

நீதிமன்றமும் நேரமும்

'உரிமம்' என்றவுடன் நமக்கு ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வரும். 1959 ஆயுதச் சட்டத்தின்கீழ் தேவை இருக்கிறதா என்று அதிகாரி முடிவு செய்வார். அமெரிக்காவில் அந்த விருப்புரிமைக்கு இப்போது இடமில்லை. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில், துப்பாக்கியை எடுத்துச் செல்ல 'தகுந்த காரணம்' காட்டச் சொன்ன நியூயார்க் விதியை நீக்கியது. தகுதி இருந்தால் கொடுத்தே ஆக வேண்டிய உரிமம் அப்படித் தவறாகாது, மிகை தாமதமும் மிகைக் கட்டணமும் இருந்தால் கேள்விக்குள்ளாகலாம் என்ற குறிப்பும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. மேரிலாந்தின் உரிமத்தை 2023இல் மூன்று நீதிபதிகள் அமர்வு நீக்கியது. 2024 ஆகஸ்டில் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு காப்பாற்றியது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

எனவே தாமதம்தான் உரிமத்தின் பலவீனமான இடம், நீதிமன்றத்தில் மட்டுமல்ல. நியூஜெர்சியில் 2015இல் முன்னாள் துணைவனுக்கு எதிராகத் தடையாணை பெற்றிருந்த ஒரு பெண் கைத்துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பித்தார். சட்டப்படி 30 நாளில் வர வேண்டியது வரவில்லை. ஆறு வாரத்தில் அவன் கையால் கொல்லப்பட்டார். துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் இதைச் சொல்லும்போது உரிமத்தை ஆதரிப்பவர்கள் தலையைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. தடையாணை பெற்றவருக்குச் சில நாட்களில் முடியும் விரைவு வழியும் கட்டண விலக்கும் மசோதாவிலேயே இருக்க வேண்டும்.

ஆரிகன் தயாரிப்பில்லாமல் இறங்கியது. துப்பாக்கி வாங்க முன் அனுமதி கேட்கும் 114ஆம் முன்மொழிவு 2022 நவம்பரில் 51 சதவீதத்தை எட்டாமலே வென்றது. டிசம்பர் 8இல் அமலுக்கு வர வேண்டும். சுட்டுக் காட்டும் பயிற்சியை யார் நடத்துவது, விண்ணப்பம் எங்கே என்பதற்குப் பதில் இல்லை. அவகாசம் வேண்டும் என்று மாநில அரசே நீதிமன்றத்தில் கேட்டது. ஹார்னி கவுண்டி நீதிபதி தடுத்துவிட, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பின்னர் சட்டமன்றம் கட்டணத்தை 65 டாலரிலிருந்து 150 ஆகவும், கெடுவை 30 நாளிலிருந்து 60 ஆகவும் உயர்த்தியது. அலுவலகச் செலவுக்கு அது தேவைதான், ஆனால் புரூயன் எச்சரித்த திசையும் அதுவே.

எந்த மாநிலத்துக்கு எது

ஆளுநரின் வீட்டோவைச் சட்டமன்றம் எளிதாகத் தாண்டும் மாநிலத்தில் உரிமத்தைக் காப்பது கடினம். வட கரோலினாவில் 1919இலிருந்து இருந்த ஷெரிஃப் அனுமதியை 2023 மார்ச்சில் ஆளுநர் ராய் கூப்பரின் வீட்டோவை மீறி நீக்கினார்கள். ஷெரிஃபின் விருப்புரிமை கறுப்பினத்தவரை ஒதுக்கிய ஜிம் குரோ சட்டங்களின் காலத்துக் கறை படிந்தது என்ற வாதம் அதில் பயன்பட்டது, அதில் வரலாற்று நியாயமும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் மூன்று நாள் கெடுவை நீட்டிய கடைச் சோதனையே எட்டக்கூடிய இலக்கு. செயின்ட் லூயிஸ், கேன்சஸ் சிட்டி போன்ற நகரங்கள் தனியாகச் செய்ய நினைத்தாலும் மிசூரி மாநிலச் சட்டம் நகராட்சிகளைத் தடுக்கிறது.

சட்டமன்றமும் ஆளுநரும் ஒரே பக்கம் இருக்கும் மாநிலத்தில் உரிமத்தையே எடுக்கலாம். கொலராடோ, கழற்றக்கூடிய மேகசின் (குண்டுப் பெட்டி) உள்ள பல அரைத்தானியங்கித் துப்பாக்கிகளுக்கு ஷெரிஃபின் தகுதி அட்டையும் பயிற்சியும் வேண்டும் என்று 2025இல் சட்டம் இயற்றி, அமல் தேதியை 2026 ஆகஸ்ட் 1 என்று வைத்தது. வாஷிங்டன் மாநிலம் எல்லாத் துப்பாக்கிக்கும் உரிமம் கொண்டுவந்து 2027 மே 1 என்று தேதி குறித்தது. ஆரிகன் முப்பது நாளில் செய்யப் பார்த்ததற்கு கொலராடோ ஓராண்டுக்கு மேலும் வாஷிங்டன் ஏறக்குறைய இரண்டாண்டும் எடுத்துக்கொண்டன. அந்தக் காலத்தில் பயிற்சியாளர்களையும் கைரேகைக் கருவிகளையும் சேர்க்கலாம். ரத்தான துப்பாக்கியை எடுக்கப் போகும் அதிகாரிகளுக்கு ஆண்டு நிதி எழுதப்படுகிறதா என்பதை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் போய்ப் பார்க்க வேண்டும்.