நீர்வண்ணமா, அக்ரிலிக்கா: நீலகிரியிலிருந்து போட்டிக் கண்காட்சிக்கு எதை அனுப்பலாம்?

நடுவர் குழு தேர்வு செய்யும் கண்காட்சிக்குப் படைப்பு அனுப்ப நினைக்கும் ஓவியர் எதை வரைவது என்பதோடு எந்த ஊடகத்தில் வரைவது என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். உதகையிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்து வரைபவருக்கு அந்த முடிவில் மழைக்கும் குளிருக்கும் மலைப்பாதைக்கும் பெரும்பங்கு உண்டு. சமவெளியில் சொல்லப்படும் ஆலோசனைகள் இவற்றைக் கணக்கில் கொள்வதில்லை. மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமி 1955-இல் தொடங்கிய தேசியக் கலைக் கண்காட்சியும், 1888-இல் உருவான பம்பாய் ஆர்ட் சொசைட்டியின் கண்காட்சியும் பல ஊடகங்களுக்கும் இடமளிப்பவை. நியூயார்க்கில் 1866-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நீர்வண்ணச் சங்கம் போன்றவை நீரில் கரையும் வண்ணங்களுக்கு மட்டுமே உரியவை. எந்த வகைக் கண்காட்சிக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தே கீழே சொல்லும் சாதக பாதகங்கள் எடை மாறும்.

எண்ணெய் வண்ணத்தை இந்த ஒப்பீட்டில் சுருக்கமாகவே பார்க்கிறேன். ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1937-இல் பம்பாய் ஆர்ட் சொசைட்டியின் தங்கப் பதக்கம் பெற்றது எண்ணெய் வண்ண ஓவியத்துக்குத்தான். அதன் கம்பீரத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகும். குளிரும் ஈரமும் அதை மேலும் தாமதப்படுத்தும். இறுதி வார்னிஷ் பூச வழக்கமாக ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். ஆகவே, அறிவிப்பைப் பார்த்துவிட்டு வரையத் தொடங்குபவருக்கு மலையில் இது ஏற்ற ஊடகம் அல்ல.

நீர்வண்ணத்துக்கு நீலகிரி ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்துக்கொள்கிறது. தென்மேற்குப் பருவமழை நாட்களில் பூசிய வண்ணம் நெடுநேரம் பளபளப்புடன் ஈரமாகவே நிற்பதால், சோலையின் விளிம்பு மூடுபனியில் கரைவதை அவசரமில்லாமல் வரைய முடிகிறது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலந்து வரும் சாம்பல் நிறத்தின் துகள்கள் தாளின் பள்ளங்களில் மெல்லப் படிந்து, பனியின் அடர்த்தியைத் தாமே உருவாக்கித் தருகின்றன. அதே ஈரத்தில், பாதி காய்ந்துவிட்டது என்று எண்ணி நீர் மிகுந்த தூரிகையை வைத்தால், பூக்கோசு விரிந்தது போன்ற கறை படர்ந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு தாளிலேயே நேர்கிறது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்தித் தாளாக இருந்தாலும், வண்ணத்தை உடனே உறிஞ்சாமலிருக்க அதன் மேல் பூசிய ஜெலட்டின் பசையில் பூஞ்சை பிடித்துவிட்டால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வண்ணம் பட்டவுடன்தான் அங்கங்கே உள்ளிழுத்துத் திட்டுத் திட்டாகக் கறுக்கும். தாளை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத உறையில் வைப்பது இங்கே கட்டாயம்.

நீர் கலந்து பூசும் செயற்கைப் பிசின் வண்ணமான அக்ரிலிக் விரைவில் காயும், கண்ணாடிச் சட்டம் தேவையில்லை, கித்தானில் நான்கடி அகலம்கூட வரையலாம் என்பதால் பலரும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக்கின் துகள்கள் சரியாக ஒன்றிணையாமல், வண்ணப்படலம் வலுவிழந்து வெடிக்கக்கூடும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் அப்போதுதான் வரைந்த கித்தானைச் சூடில்லாத அறையில் விட்டுச் செல்லக் கூடாது. இன்னொன்று, காய்ந்த பிறகும் அது வெப்பத்தில் இளகும். குளிரில் கட்டிய பொட்டலம் மலையிறங்கி மேட்டுப்பாளையத்தின் வெயிலைச் சந்திக்கும்போது, குமிழ் உறை நேரடியாகச் சுற்றப்பட்டிருந்தால் அதன் வட்டங்கள் வண்ணத்தின்மீது பதிந்துவிடும். ஒட்டாமலிருக்கச் சிலிக்கோன் பூசிய தாளை முதலில் போர்த்தி, அதன்மேல்தான் குமிழ் உறை வர வேண்டும். சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி அனுப்புவதானால், வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுருட்டுவதே சரி.

கண்ணாடிச் சட்டம் தேவைப்படுவதால் நீர்வண்ணத்தை அனுப்புவதற்குச் செலவு கூடுதல். குன்னூர்ப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணாடிச் சட்டத்தை அனுப்புவதைவிட கண்ணாடி போலத் தெளிவான அக்ரிலிக் நெகிழித் தகடு பொருத்திய சட்டமே பாதுகாப்பானது. பல கண்காட்சிகளும் அதையே கேட்கின்றன. தகட்டில் கீறல் எளிதில் விழும் என்பதால், பாதுகாப்பு உறையை உரிக்காமல் அனுப்பலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இவை அனைத்தும் இரண்டாம் கட்டத்துக்கான கவலைகள். முதல் கட்டத்தில் பெரும்பாலும் நடுவர்கள் பார்ப்பது திரையில் தெரியும் ஒளிப்படத்தைத்தான். அங்கே அக்ரிலிக்கின் அழுத்தமான நிறங்கள் எளிதில் கண்ணில் படுகின்றன, நீர்வண்ணத்தின் துகள்படிவு காணாமல் போகிறது. நான் திறமையானவை எனக் கருதும் பல நீர்வண்ணங்கள் ஓவியத்தின் குறையால் அல்ல, சாய்வாகவும் மங்கலாகவும் எடுத்த படத்தால்தான் நிராகரிக்கப்படுகின்றன. இதற்கு மருந்தும் மலையிலேயே இருக்கிறது. மேகம் மூடிய பகலில் திறந்த வெளியில் வரும் பரவலான ஒளிக்கு நிகரான ஒளிப்பட விளக்கு கிடையாது. சட்டமிடுவதற்கு முன், ஓவியத்தை நேராக நிறுத்தி, கேமராவை அதன் நடுப்புள்ளிக்கு நேரெதிரே வைத்து எடுக்க வேண்டும். மேகமூட்டத்தில் ஏறும் நீலச் சாயலைச் நிறச் சமன் பார்க்க உதவும் சாம்பல் அட்டை ஒன்றைக் கொண்டு சரிசெய்துவிடலாம்.

என் தேர்வு நீர்வண்ணமே. தேயிலைச் சரிவும் மலை ரயிலும் நடுவர்களுக்குப் பழகிய காட்சிகள். ஆனால் இந்த ஊர் ஈரத்தில் இவ்வளவு நிதானமாக ஒரு பனிப்படலம் தாளில் இறங்குவது அவர்களுக்குப் பழகியதல்ல. நீர்வண்ணத்துக்கு மட்டுமான போட்டியென்றால் தயங்கவே வேண்டாம். எல்லா ஊடகங்களும் கலந்த கண்காட்சியில் ஒரே ஒரு படைப்புக்குத்தான் இடமென்றால், பெரிய அளவிலுள்ள அக்ரிலிக்கை அனுப்பலாம். இரண்டு அனுமதிக்கப்பட்டால், முன்கூட்டியே முடித்து வைத்த ஒரு முழுத்தாள் நீர்வண்ணம் அதோடு சேர்ந்து போகட்டும்.