ஆறு ஆண்டுச் சந்தாவும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

பட்டம் வாங்கிய அன்று தெரிந்ததை வைத்துக்கொண்டே கடைசி வரை காலம் தள்ளிவிடலாம் என்பது கால்நடை மருத்துவத்தில் உள்ள பெரிய ஆபத்து. மாடு புகார் சொல்லாது. நாய் வேறு டாக்டரைத் தேடிப் போகாது. சங்கரன்கோவில் பக்கம் தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் எனக்குத் தவறைச் சுட்டிக்காட்ட மேலதிகாரியும் இல்லை. அந்தப் பயத்தில்தான் 2019 கடைசியில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் இணையவழி மருத்துவ வகுப்புகளுக்குச் சந்தா கட்டினேன். ஆண்டுக் கட்டணம் ஒரு சுமாரான செல்போன் விலை. பெயரைச் சொல்லவில்லை. இந்த வகைச் சந்தாக்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சுதான்.

சேர்ந்த அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பார்த்த வகுப்பை அதில் எழுதமாட்டேன். வகுப்பினால் என் சிகிச்சை மேசையில் ஏதாவது மாறினால் மட்டும் எழுதுவேன். ஆறு ஆண்டுகளில் பதினொரு பக்கம்தான் நிரம்பியிருக்கிறது. குறைவென்று சிலர் சிரிப்பார்கள். எனக்கு அதுவே அதிகம்.

முதல் பக்கத்தில் இருப்பது பார்வோ, நாய்க்குட்டிகளை வாந்தியிலும் ரத்தக் கழிச்சலிலும் தள்ளும் வைரஸ் நோய். கல்லூரியில் நாங்கள் படித்தது: வாந்தி நிற்கும்வரை குட்டிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காதே, டிரிப் மட்டும் ஏற்று. வகுப்பெடுத்தவர் அதை அப்படியே தலைகீழாகப் புரட்டினார். தென்னாப்பிரிக்காவில் 30 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றைக் காட்டினார். குழாய் வழியாகச் சீக்கிரமே உணவு பெற்ற குட்டிகள் விரைவில் தேறின, எடையும் கூடின. ஆய்வு வெளிவந்தது 2003இல். எனக்குச் செய்தி வந்தது 2020இல். நடுவில் என் கையில் பட்டினி கிடந்த குட்டிகளை எண்ணிப் பார்க்கத் துணிவில்லை.

அதற்கடுத்த வாரமே ஒரு ராஜபாளையம் குட்டி வந்தது. பத்து வாரம், ரத்தக் கழிச்சல், ஒட்டிய வயிறு. மூக்கு மரத்துப்போக இரண்டு சொட்டு லிக்னோகெயின் விட்டேன். பச்சிளம் குழந்தைகளுக்கு வைக்கும் ஃபீடிங் டியூபை மூக்கு நுனியிலிருந்து ஏழாவது விலா எலும்பு வரை அளந்து, அந்த இடத்தில் பிளாஸ்திரியால் அடையாளம் போட்டு, மெல்ல நுழைத்தேன். சிறிது சலைன் செலுத்தி இருமல் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உணவு. ஒரு தடவைக்குச் சில மில்லி. கூட வந்த பாட்டி விடவில்லை. “வாந்தி எடுக்கிற வாயில்லா சீவனுக்குக் கஞ்சியா தம்பி? எங்கே படித்தீர்கள்?” என்று கேட்டார். படித்த இடத்தில் இதைச் சொல்லித் தரவில்லை பாட்டி என்று சொல்லவா முடியும்! நான்காம் நாள் குட்டி தானாகத் தட்டை நக்கியது. எல்லாக் குட்டியும் பிழைக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் பட்டினி போடும் பழக்கம் அன்றோடு போனது.

தடுப்பூசியிலும் ஒரு பக்கம் உண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்து வேலை செய்யாமல் போகலாம். அதனால் கடைசித் தவணையைப் பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ போட வேண்டும் என்கிறது உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி. 2024 பதிப்பு, ஓராண்டில் போடும் அடுத்த ஊசியை இருபத்தாறாம் வாரத்துக்கே முன்னுக்குக் கொண்டுவரச் சொல்கிறது. பன்னிரண்டு வாரத்தில் அட்டையில் முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்த கை இது.

மிகவும் கஷ்டப்பட்டது மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை நிறுத்தத்தான். நாய்க்குத் திடீர்க் கழிச்சல் என்றால் கை தானாக அந்தப் பாட்டிலுக்குப் போகும். லேசான, நடுத்தரக் கழிச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று 2024இல் ஐரோப்பிய வழிகாட்டி சொன்னது. அறிவுக்கு உடனே ஏறியது, கிளினிக்குக்கு ஏறவில்லை. ஊசி போடாமல் அனுப்பினால் “டாக்டர் பார்க்கவே இல்லை” என்று டீக்கடையில் பேச்சு வரும். இதைச் சமாளிப்பது எப்படி என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. இப்போது தேறி வரும் குட்டிகளின் படத்தைக் காட்டிக் காட்டியே பேசுகிறேன்.

பூனை வளர்ப்போர் அதிகமாகிவிட்டதால் எஃப்.ஐ.பி. என்ற பூனை வைரஸ் நோய் பற்றிய வகுப்புகளும் பயன்பட்டன. ஒரு காலத்தில் அந்த நோய் என்றால் கைவிரிப்பதுதான். ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை 84 நாள் கொடுக்க வேண்டும் என்று முதலில் கேட்டேன். பிறகு, வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோத்த வகைக்கு 42 நாளே போதலாம் என்ற ஆய்வு 2024இல் வந்தது. மருந்துச் செலவு பாதியாகக் குறையும் என்றால் வீட்டுக்காரர் முகம் எப்படி மாறும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இனி குறைகள். நேரலை வகுப்பு லண்டனில் இரவு எட்டு மணி என்றால் நமக்குக் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. எல்லாம் பதிவில் பார்த்ததுதான். கேள்வி கேட்க வழியில்லை. மூன்றாம் ஆண்டு, விட்டுவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கார்டிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பி ஓய்ந்தேன். சான்றிதழ் மட்டும் வண்டி வண்டியாக வரும். பிரிட்டனில் ஆண்டுக்கு 35 மணி நேரம் படித்துக் கணக்குக் காட்ட வேண்டும், அவர்களுக்கு அது உதவும். எனக்கு மேசை இழுப்பறை நிறைந்ததுதான் மிச்சம்.

பெரிய குறை மாட்டு வகுப்புகள். ஆயிரம் மாடு நிற்கும் பண்ணையில் தீவனக் கலவையை எப்படித் திருத்துவது என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். என்னிடம் வருபவர் ஒற்றைக் கறவைமாடு வைத்திருக்கும் அம்மா. கன்று ஈன்றபின் கால்சியம் குறைந்து வரும் பால் சுரத்தில் மாடு கழுத்தை மடித்துக் கிடக்கும்போது கால்சியம் பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தபடி மெதுவாக ஏற்றும் வேலைக்கு அந்த வகுப்பு எதற்கு? தோல் கழலை நோய் 2019இல் ஒடிசாவில் தலைகாட்டி 2022இல் நாட்டையே உலுக்கியபோது சந்தா வகுப்புகளில் அதைப் பற்றிப் பேச்சு மூச்சில்லை. அந்த நோய்க்கு ஆட்டம்மைத் தடுப்பூசியை மாட்டுக்குப் போடும் விவரம், கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபெனாக் என்ற இரண்டு வலி மருந்துகளையும் கால்நடைகளுக்குக் கொடுக்க, செத்த மாட்டைத் தின்னும் கழுகுகளுக்காக 2023இல் தடை விதித்த செய்தி, எல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வந்தன. அதே குழுவில் காலை வணக்கப் படங்களும் வரும், ஆதாரமே இல்லாத மருந்தளவுகளும் வரும். பார்த்துப் பொறுக்க வேண்டும். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறையை மட்டும் நம் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்களிடம் நேரில் கேட்டே கற்றேன்.

ஸ்கேன் கதை வேறு. பன்னிரண்டு மணி நேரம் வீடியோ பார்த்துவிட்டுக் கருவியை எடுத்தேன். திரையில் சிறுநீர்ப்பையைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு இரண்டு நாள் நேரடிப் பயிற்சிக்குப் போனேன். கற்றுக்கொடுத்தவர் என் மணிக்கட்டைப் பிடித்து அரை அங்குலம் திருப்பினார். மண்ணீரல் தெரிந்தது.

அடுத்த மாதம் சந்தா புதுப்பிக்கும் தேதி வருகிறது. முழுத் தொகுப்பு வேண்டாம், நாய், பூனைப் பிரிவு மட்டும் எடுக்கப்போகிறேன். மிச்சப் பணத்தில் இன்னொரு நேரடிப் பயிற்சி, இந்த முறை பல் சிகிச்சைக்கு. கார்டு விவரத்தை அந்தத் தளத்திலிருந்து நேற்றே நீக்கிவிட்டேன்.