தங்கக் குழாய் வழி: குழாயைப் பார்க்கத் தெரிந்தால் போகலாம்

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்கு அருகே மண்டாரிங் அணையிலிருந்து கால்கூர்லியின் மவுண்ட் சார்லட் நீர்த்தேக்கம் வரை தண்ணீர்க் குழாயோடு கூடவே போகும் பாரம்பரியச் சாலைவழி இது. வழிகாட்டி கிடையாது, காரை நாமே ஓட்ட வேண்டும். தண்ணீர் போகும் திசையிலேயே, மேற்கிலிருந்து கிழக்காகப் போவதுதான் சரி.

தங்கச் சுரங்க ஊர்களின் தாகம் தீர்க்கப் பொறியாளர் சி. ஒய். ஓ'கானர் திட்டமிட்ட குழாய் இது, நீளம் சுமார் 530 கி.மீ., 8 நீரேற்று நிலையங்கள். 1903 ஜனவரி 24 அன்று திறந்தார்கள். அதைக் காண அவர் இல்லை. 1902 மார்ச்சிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

முதலில் மண்டாரிங்கின் 1ஆம் எண் நிலையத்தைப் பாருங்கள். நீராவி இயந்திரம் இன்னும் உள்ளே நிற்கிறது. முதல் நான்கு நிலையங்களில் மும்மூன்று, மற்றவற்றில் இரண்டிரண்டு என மொத்தம் 20 பம்புகள் ஓடின.

ஆனால் உண்மையான காட்சிப்பொருள் வெளியே, சாலையோரம் கிடக்கிறது. பழைய குழாயை அடையாளம் காண்பது எளிது: எதிரெதிர்ப் பக்கங்களில் நெடுக இரண்டு தடித்த பட்டைகள் ஓடும். இரண்டு அரைவட்ட எஃகுத் தகடுகளின் விளிம்புகளை அந்தப் பட்டைகளுக்குள் செருகி அழுத்திப் பூட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியத் தொழிலதிபர் மெஃபன் ஃபெர்கசனின் ‘லாக்கிங் பார்’ (பூட்டுப் பட்டை) முறை இது. ரிவெட் (தகடுகளைத் துளையிட்டு இணைக்கும் ஆணி) இல்லாததால் துளைகளும் இல்லை, அவற்றில் கசிவும் இல்லை, உள்ளே ஓட்டத்துக்குத் தடையும் இல்லை. விட்டம் 30 அங்குலம், ஒரு துண்டு 28 அடி. பட்டை இல்லாமல் வழவழவென்றிருந்தால் அது பின்னாளில் மாற்றிய குழாய்.

தொல்லை கொடுத்தது துண்டுகளின் இணைப்புதான். வளையம் மாட்டி ஈயம் அடைத்திருந்தார்கள், அது கசிந்தது. போதாக்குறைக்கு, மண்ணுக்குள் புதைத்த குழாயை உப்பு நிலம் வெளியிலிருந்து அரித்தது. அதனால்தான் 1930களில் தரைக்கு மேலே தூக்கினார்கள்.

கண்டர்டினில் 3ஆம் நிலையம் இப்போது அருங்காட்சியகம். நேரம் குறைவென்றால் சில இடிபாடுகளை விட்டுவிடலாம். கரலீ பாறையை விடாதீர்கள். பாறையைச் சுற்றிக் கல் பதித்து மழைநீரைத் திருப்பி, ரயில் எஞ்சின்களுக்குச் சேமித்த இடம். குழாய் வருமுன் ஒரு சொட்டுக்கு என்ன பாடு என்பது அங்கே விளங்கும்.

ஒரே நாளில் முடிக்க நினைத்தால் நெடுஞ்சாலைதான் மிஞ்சும். மூன்று நாள் வையுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல காலம், காட்டுப்பூ போனஸ். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள், அந்தி சாய்ந்தபின் கங்காரு குறுக்கே வரும் என்பதால் ஓட்டாதீர்கள். குழாய்மேல் ஏறவும் வேண்டாம். இன்றும் அதில்தான் தண்ணீர் போகிறது.