ஏஜென்ட்டின் நினைவு: கோப்பா, வெக்டர் கிடங்கா?

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோலின் உட்புறத்தில் 12² என்று எழுதியிருந்தால் பன்னிரண்டரை சதுர அடி என்று பொருள். மேலே இருக்கும் சிறு எண் எத்தனை கால் சதுர அடி என்பதைக் குறிக்கும். தோல் வணிகத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதுபவர் இதை, நிரல் எழுதித்தரும் ஏஐ ஏஜென்ட்டிடம் சொல்லாவிட்டால், அது வர்க்கம் என்று நினைத்து 144 போடக்கூடும். சொன்னால் உடனே புரிந்துகொள்ளும். மறுநாள் புதிய அமர்வைத் திறந்தால் மறுபடியும் பழைய கதைதான். நம் பேச்சால், ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலின் உள்ளே எதுவும் மாறுவதில்லை. நினைவு என்பதெல்லாம் வெளியே சேமித்து வைத்துத் திரும்ப ஊட்டும் எழுத்துதான். அதற்கு நான்கு வழிகள் உண்டு.

பழைய உரையாடலையே தொடர்வது சோம்பேறி வழி. நீண்டுகொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதைச் சுருக்குவார்கள். அந்தச் சுருக்கத்தில் தொலைவது இத்தகைய சிறு விதிகள்தான். நேற்றுப் பாதியில் விட்ட பிழைதிருத்தத்தை முடிக்க மட்டும் இந்த வழி உதவும்.

ஏஜென்ட் தானே குறிப்பெழுதும் வசதி கேட்க இனிக்கிறது. ஆனால் அவசரத்துக்குப் போட்ட ஒட்டுவேலையையும் நிரந்தர விதி என்று எழுதிவைக்கும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். ஒன்று, திட்டத்துக்குள்ளேயே வைக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு. கிளாட் கோடு என்ற ஏஜென்ட் ‘கிளாட்.எம்டி’யைப் படிக்கும், கோடெக்ஸ், கர்சர் ஆகிய ஏஜென்ட்டுகள் ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’யைப் படிக்கும். கோப்பு, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் (Git) சேர்வதால், எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பது தெரியும். காட்பாடியில் ஒருவரும் வாணியம்பாடியில் ஒருவரும் வேலை செய்தாலும் இருவருடைய ஏஜென்ட்டும் ஒரே விதியைப் படிக்கும். குறை என்னவென்றால், முழுக் கோப்பும் ஒவ்வொரு அமர்விலும் ஏறி, மாடல் படிக்கும் எழுத்தை அளக்கும் அலகான டோக்கனைத் தின்னும். கோப்பு பெருத்தால் முக்கியமான விதி கூட்டத்தில் அமுங்கிப்போகும்.

மற்றொன்று வெக்டர் கிடங்கு, அதாவது குறிப்புகளின் பொருளை எண்களாக மாற்றி வைக்கும் சேமிப்பிடம். மெம்0 போன்ற கருவிகளை, வெளிக் கருவிகளை இணைப்பதற்காக 2024 நவம்பரில் வெளியான எம்சிபி நெறிமுறை வழியாக ஏஜென்ட்டோடு இணைக்கலாம். ஆயிரக்கணக்கான குறிப்புகளிலிருந்து பொருள் நெருங்கியதை மட்டும் எடுத்துத் தரும். இது கோப்பால் முடியாத வேலை. ஆனால் நெருக்கம் வேறு, உண்மை வேறு. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ‘ஆம்பூர், வேலூர் மாவட்டம்’ என்ற பழைய குறிப்பும் புதிய குறிப்பும் கிடங்கில் அருகருகே கிடந்தால், தேடலுக்கு இரண்டும் ஒன்றுதான். முரணைக் கண்டு பழையதை நீக்கும் கருவிகளும் உண்டு. நீக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் ஒரு மாடல்தான். நீக்கினால் 2018 பில்லின் முகவரி கெட்டுப்போகும்! கோப்பில் தேதியோடு ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

ஐந்தாறு பேர் கொண்ட சிறு நிறுவனத்துக்குக் கோப்பே போதும் என்பேன். பல வாடிக்கையாளர்களின் பல வருடப் புகார் வரலாற்றைத் தேட வேண்டியவர்கள் அதற்கு மட்டும் வெக்டரை வைத்துக்கொள்ளலாம். விதிகள் கோப்பிலேயே இருக்கட்டும். கோப்பில் இருப்பதை ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் பின்பற்றும் என்ற உறுதி கிடையாது. ஆகவே பணத்தைத் தொடும் விதிகளுக்குச் விடை சரியா என்று தானே பார்க்கும் சோதனை நிரலும் எழுத வேண்டும். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி கடவுச்சொல்லை இரண்டிலும் ஏற்றக்கூடாது. கோப்பில் ஒருமுறை எழுதிவிட்டால், வரியை அழித்த பிறகும் கிட்டின் பழைய பதிவுகளில் அது இருக்கும்.